அவரைப் பந்தலும் தறிக்குழியும்

அவரை இலையைக் கையில் வைத்துக் கசக்கினால் பச்சையாகவும் சற்றே காரமாகவும் ஒரு வாசனை எழும். மார்கழிப் பனியில் நனைந்த இலை என்றால் அந்த வாசனை விரலைவிட்டு நெடுநேரம் போகாது. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிற ஐயம்பேட்டையின் நெசவாளர் தெருக்களில், இன்றும் எங்காவது ஒரு மதில்மேல் ஊதாப் பூவோடு அந்தக் கொடி எட்டிப் பார்த்தால் போதும், ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு வீடுகளின் பின்புறம் இருந்த பனிக்காலத் தோட்டங்கள் நினைவில் விரிந்துவிடும். முன்னே திண்ணை, அதை ஒட்டித் தறி போட்ட கூடம், அடுத்துச் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் கிணறும் துவைகல்லுமாகக் கொல்லை என்று நீளவாக்கில் அமைந்தவை இந்தப் பகுதி நெசவாளர்களின் பழைய வீடுகள். அந்தக் கொல்லையில் ஓர் அவரைப் பந்தல், நாலு கத்தரிச் செடி, பாத்தியில் கீரை, வேலியில் படர்ந்த பரங்கி, மூலையில் முருங்கை. இவற்றைப் பற்றிப் பேசுகிற பலரும் ‘பொழுதுபோக்குக்கு வைத்த செடிகள்’ என்றோ ‘அந்தக் கால அழகு’ என்றோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கொல்லை தறியின் மறுபாதி. தறி எந்த மாதங்களில் சோறு போடத் தடுமாறியதோ அந்த மாதங்களுக்கென்றே அமைந்த வேலையிடம் அது. அதை வீட்டின் உபரி இடம் என்று எண்ணிக் கூறுபோட்டதில் நெசவுக் குடும்பம் இழந்தது காய்கறியை மட்டுமல்ல, தன் ஆண்டுக் கணக்கின் ஒரு பகுதியையும்.

இதை விளங்கிக்கொள்ள முதலில் நம் பனிக்காலத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் ஊராட்சியோ சங்கமோ குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சிறு காய்கறித் துண்டு நிலங்கள் உண்டு. அங்கே குளிர்காலத்தில் தோட்டத்துக்குப் போகிறவர் உறைந்த மண்ணைக் கொத்திப் புரட்டுவார், எருவைப் பரப்புவார், கருவியைத் துடைத்து வைப்பார், வசந்தத்துக்காகக் காத்திருப்பார். காஞ்சிபுரம் வட்டாரத்தில் மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். செடிக்குக் கடினமான காலம் நமக்குக் கத்திரி வெயிலில் வருகிறது, பனியில் வருவதில்லை. வடகிழக்குப் பருவமழை விட்டுப்போன ஈரம் மண்ணில் இருக்க, வெயில் இளகி இருக்க, எங்கள் தோட்டம் கொடுக்கத் தொடங்குவதே அப்போதுதான். அதிலும் பந்தல் அவரையின் இயல்பு வியக்கத்தக்கது. ஆனி மாதம் ஏறத்தாழ பன்னிரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீளும் பகல், மார்கழியில் பதினொன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேலே வந்து நிற்கும். இந்த ஒன்றரை மணி நேரக் குறைவை மனிதர்கள் பெரிதாக உணர்வதில்லை, அவரைக் கொடி உணர்கிறது. பகல் குறுகும்வரை அது இலையும் கொடியுமாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். எவ்வளவு எருப் போட்டாலும் புரட்டாசியில் பூக்கச் செய்ய முடியாது. பகல் குறுகியதும் கணுவுக்குக் கணு பூங்கொத்து எழும்பும். மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் பறிக்கப் பறிக்கக் காய் வரும். சிறகவரைக்கும் இதே குணம்தான்.

இப்போது தறியின் ஆண்டை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஆடியில் கல்யாணம் கிடையாது, பட்டுச் சேலைக்கு அவசரமும் குறைவு. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற சொல் உழவருக்குச் சொன்னதென்றாலும், கொல்லையில் இரண்டு குழி வெட்டி, மக்கிய எருவும் சாம்பலும் இட்டு, குழிக்கு மூன்று அவரை விதை ஊன்ற நெசவாளிக்கும் அதுவே தோதான மாதம். ஐப்பசி பிறந்தால் தீபாவளிச் சேலைகள் முடிந்து கைக்குக் கொஞ்சம் காசு வரும், மழையும் வரும். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்வது குழித்தறியில். நெசவாளி தரைமட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும். அடைமழையில் அந்தக் குழியில் தண்ணீர் ஊறும். பட்டு இழை ஈரத்தை உறிஞ்சிக் கனக்கும், ஜரிகை மங்கும், கஞ்சி போட்ட பாவு இழைகளைத் தெருவில் நீட்டிக் காயவைக்க வெயில் இருக்காது. ஐப்பசிக் கடைசியில் தொடங்கும் இந்த முடக்கம் கார்த்திகை முழுக்க நீளும். சேலை முடிந்து கொடுத்தால்தான் கூலி என்ற ஏற்பாட்டில், கார்த்திகையில் நின்றுபோன நாட்களின் வறட்சி மார்கழியில் வந்து அடுப்பைத் தொடும். தை பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கிய பிறகுதான் மூச்சு வரும். தறி ஓரளவு ஓய்ந்திருக்கிற ஆடியில் விதை கேட்டு, தறியின் கூலி மெலிந்திருக்கிற மார்கழியில் காய் கொடுக்கும் ஒரு கொடி அந்தக் கொல்லையில் இருந்தது தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக எந்தச் செடி தங்கள் வருமானத்தின் பள்ளத்தில் உதவியதோ அதைத் தக்கவைத்துக்கொண்டார்கள், மற்றதை விட்டுவிட்டார்கள். அனுபவம் செய்த தேர்வு அது.

ஆண்டில் இருந்த இந்தப் பொருத்தம் ஒரு நாளுக்குள்ளும் இருந்தது. மார்கழியில் ஐயம்பேட்டை போன்ற ஊரின் நாள் கோலத்தோடு தொடங்கும். சாண உருண்டையில் செருகப் பரங்கிப் பூ வேண்டும். பூவைப் பறிக்கப் போகிறவர்கள் எல்லாப் பூவையும் பறித்துவிட மாட்டார்கள். மெல்லிய நீண்ட காம்போடு நிற்பது ஆண் பூ. இதழுக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் பிஞ்சு திரண்டிருந்தால் பெண் பூ. கோலத்துக்குப் போவது ஆண் பூ. பரங்கியில் ஆண் பூக்கள்தாம் முதலில் வரும், எண்ணிக்கையிலும் அவையே மிகுதி என்பதால், சிலவற்றைக் கொடியிலேயே விட்டுவைத்து மற்றதைப் பறித்தால் காய்ப்புக்குக் குறைவில்லை. வண்டு வராத மூட்டமான நாட்களில் ஓர் ஆண் பூவின் இதழைக் கிழித்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுவதும் உண்டு. வெயில் ஏறினால் பரங்கிப் பூ சுருங்கிவிடும் என்பதால் இது விடிகாலையிலேயே முடிய வேண்டிய வேலை. பயிரியல் பாடப்புத்தகம் படிக்கும் பிள்ளைக்கு ஆண் பூ, பெண் பூ என்ற வேறுபாட்டை விளக்கப் படம் தேவைப்படுகிறது. கோலத்துக்குப் பூப் பறிக்கப் போன பிள்ளைக்கு அது ஏழு வயதில் தெரிந்திருந்தது.

பரங்கியை விட்டால் அடுத்தது அவரைப் பந்தல். பனிக்காலத்தில் அவரையின் முதல் பகை அசுவினி. கொழுந்திலும் பூங்கொத்திலும் கறுப்பாக அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அதற்கு அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவுவது வழக்கம். அதைத் தூவும் நேரம் முக்கியம். இலையில் பனி இருக்கும்போதே தூவினால்தான் ஒட்டும், காய்ந்த இலையில் தூவினால் காற்றில் பறந்துவிடும். அதேபோல இலைமறைவில் இருக்கும் காய்ப்புழுவைப் பொறுக்குவதற்கும் குளிரில் அது அசையாமல் கிடக்கிற அதிகாலையே வசதி. காய் பறிப்பதை மட்டும் தள்ளிப்போடுவார்கள். ஈரக் கொடியை அலசினால் நோய் ஒரு செடியிலிருந்து மறு செடிக்குத் தொற்றும் என்பதால், பனி உலர்ந்த பிறகே பந்தலுக்குக் கீழே கூடை போகும். இந்த வேலைகளின் நேரத்தைத் தறிவேலையின் நேரத்தோடு ஒப்பிட்டால் ஒன்று புலப்படுகிறது. பனி விலகும்வரை தெருவில் பாவை நீட்ட முடியாது. குழியில் இறங்கினாலும் ஜரிகை இழையும், கரையையும் உடலையும் இணைக்கும் கோர்வையும் கண்ணுக்குத் தெரிய வெளிச்சம் போதாது. ஆறு மணியிலிருந்து ஏறக்குறைய எட்டு மணிவரை, தறிக்கு உதவாத அந்தப் பனிப்பொழுதுதான் கொல்லைக்கு மிகவும் தேவையான பொழுது. ஒன்றின் தடை மற்றதன் வாய்ப்பாக இருந்தது. மின்விளக்கு வந்தபின் கூடத்து வெளிச்சக் கணக்கு மாறிவிட்டது உண்மை. பாவு நீட்டும் கணக்கு, தெருவில் நீட்டுகிற இடங்களில், இன்னும் வெயிலைச் சார்ந்ததுதான்.

பகலில் கொல்லைக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. அரிசி களைந்த கழுநீர் கீரைப் பாத்திக்கும், குளியல் தண்ணீர் வாழைக்கும் வாய்க்கால் வழியே போய்ச்சேரும். பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சித் தண்ணீரும் அரிசிக் கஞ்சிதான், மண்ணுக்குக் கேடில்லை. சாயத் தண்ணீரை மட்டும் தோட்டத்துப் பக்கம் விடவே கூடாது. அந்த விலக்கு மிக அவசியமானது, பட்டுச் சாயக் கழிவு கலந்த வேகவதி ஆறு என்ன ஆனது என்பதை இந்த மாவட்டமே கண்டது. சித்திரையில் நட்ட சேனையும் கருணையும் மார்கழிக் கடைசியில் இலை பழுத்துச் சாயும். தோண்டி எடுத்து, மண் உதிர்த்து, நிழலில் பரப்பினால் பொங்கலுக்குக் கிழங்கு தயார். கிணற்றடி ஈரத்தில் நட்ட இரண்டு தூர் மஞ்சள், பொங்கல் பானையின் கழுத்துக்குக் கொத்தாகப் போகும். முருங்கையில் மழைக்காலத்தில் கூட்டமாக ஏறும் கம்பளிப்பூச்சிகள் பகலில் அடிமரத்தில் படையாக ஒட்டிக்கிடக்கும், அவற்றைப் பந்தம் காட்டிப் பொசுக்குவது வீட்டு ஆண்களின் வேலை. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார். பெருமாள் போகும் அந்த வாலாஜாபாத் சாலை ஊர்களில் அன்று விருந்தாளி இல்லாத வீடு குறைவு. வந்தவர்களுக்குப் பல காய் போட்ட குழம்பு வைக்க வேண்டும். மொச்சை, அவரை, பரங்கி, வள்ளிக்கிழங்கு, கருணை என்று அந்தக் குழம்பில் சேர்வதெல்லாம் பனிக்காலக் கொல்லையில் விளைபவை. பண்டிகையின் சமையல் அந்தப் பருவத்துத் தோட்டத்தைப் பார்த்தே வகுக்கப்பட்டிருக்கிறது.

கொல்லை தறியின் மறுபாதி என்ற வாதத்துக்கு வரும் மறுப்புகளில் முதலாவது கணக்குப் பார்ப்பவர்களுடையது. ஒரு மணி நேரம் கொல்லையில் நிற்பதைவிட அந்த ஒரு மணி நேரம் நெய்து, கிடைக்கும் கூலியில் காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டில் காய் வாங்கினால் லாபம் என்பார்கள். அதிலும் ஊருக்கெல்லாம் அவரை காய்க்கிற தை மாதத்தில் அவரைக்காய் விலை அடிமட்டத்தில் இருக்குமே என்பது இன்னும் கூர்மையான கேள்வி. விலை மலிவு என்பது மெய்தான். ஆனால் அந்தக் கணக்கு நெசவாளியின் கையில் நாள்தோறும் காசு இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. சேலை முடியப் பத்து நாளோ இருபது நாளோ ஆகிற தொழிலில் காசு விட்டுவிட்டு மொத்தமாக வரும், பசி நாள்தோறும் வரும். இடையில் உள்ள நாட்களில் காய் பத்து ரூபாய் என்றாலும் கடன்தான். 2021 நவம்பர் மழையில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். தறியை முடக்கும் அதே மழை சந்தை விலையையும் ஏற்றிவிடுகிறது. தோட்டம் என்ன தரும் என்பதையும் மிகைப்படுத்தாமல் பார்க்கலாம். அவரை எக்டேருக்கு 10 டன் விளையும் என்று அடக்கமாக வைத்துக்கொண்டால், ஒரு சென்ட் நிலத்துக்கு, அதாவது 435 சதுர அடிக்கு, ஏறத்தாழ 40 கிலோ. மூன்று மாதப் பறிப்பில் நாளுக்கு 450 கிராம் சொச்சம். ஒரு மனிதர் நாளொன்றுக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே ஒரு சென்ட் அவரை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிடாது. நாலு பேருள்ள வீட்டில் பனிக்காலம் முழுக்க நாள்தோறும் ஒரு பொரியலை உறுதியாக்கும். கடன் கேட்காமல் இலையில் ஒரு காய் விழுவது சின்ன விஷயம் என்று, மார்கழியில் காசில்லாத வீட்டை அறிந்த யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது மறுப்பு தொழிலறிந்தவர்களிடமிருந்து வருகிறது, அதை நான் மிகவும் மதிக்கிறேன். பட்டு நெய்கிற கை மண்ணில் இறங்கலாமா? விரல் சொரசொரத்தால் இழை மாட்டி இழுபடும், கோர்வை கோக்கும் இடத்தில் ஒரு பிசிறு விழுந்தாலும் சேலையின் மதிப்புக் குறையும். பனிக்காற்றில் தோல் தானாகவே வெடிக்கிற மாதத்தில் மண்வெட்டியும் பிடித்தால் என்னாவது? எண்ணெய் தடவிக்கொண்டு தறியில் உட்காரவும் முடியாது, பட்டில் எண்ணெய்க் கறை பட்டால் போகாது. இதற்குப் பதில் பனிக்காலத் தோட்ட வேலையின் தன்மையிலேயே இருக்கிறது. கொத்தும் வேலை, குழி வெட்டும் வேலை, பந்தல்கால் நடும் வேலை எல்லாம் ஆடியிலும் ஆவணியிலும் முடிந்துவிடுகின்றன. மார்கழியில் மிஞ்சுவது சாம்பல் தூவுவதும், புழுப் பொறுக்குவதும், காய் பறிப்பதும். விரல்நுனி வேலை, அதுவும் பனியில் நனைந்த இலைகளுக்கு நடுவே. சேனை தோண்டுவது ஒருநாள் வேலை, அதைத் தறியில் உட்காராத கை செய்யலாம். உண்மையில் அவரைப் பந்தலில் நன்றாகத் திரண்ட காயையும் இளம் பிஞ்சையும் தொட்டே பிரித்தறிகிற விரலுக்கும், பாவில் அறுந்த ஒற்றை இழையைத் தடவியே கண்டுபிடிக்கிற விரலுக்கும் வேண்டிய கூர்மை ஒன்றுதான்.

மூன்றாவது மறுப்பை அவ்வளவு எளிதில் கடக்க முடியாது, கடக்கவும் கூடாது. கொல்லையின் பாரம் யார்மேல் விழும்? நெசவு வீட்டில் பெண்கள் ஏற்கெனவே ராட்டையில் தார் சுற்றுகிறார்கள், பாவு நீட்ட ஒரு முனையைப் பிடிக்கிறார்கள், கோர்வைச் சேலைக்குத் துணையாள் இல்லாவிட்டால் தறியின் ஓரத்தில் உட்கார்ந்து நாடா தள்ளுகிறார்கள். கூலி ஒரு பெயரில் எழுதப்படுகிறது. அதற்குமேல் கோலம், சமையல், பிள்ளைகள். இந்நிலையில் தோட்டத்தையும் சேர்ப்பது இன்னொரு கூலியில்லா வேலையைச் சேர்ப்பதாகும் என்று சொன்னால் அது நியாயமான சொல். பழைய கொல்லைகள் பெரும்பாலும் பெண்களின் கணக்கில் வராத உழைப்பில்தான் தழைத்தன என்பதை மறைத்துவிட்டு அவற்றைக் கொண்டாடுவது தவறு. என் வாதம், அந்த உழைப்பை முதலில் உழைப்பாக எண்ண வேண்டும் என்பது. பனி விலகும்வரை தறிக்கு வேலையில்லை என்றால், அந்தப் பொழுது தறியில் உட்காருகிற ஆணுக்கும்தான் ஓய்ந்திருக்கிறது. சாம்பல் தூவும் சல்லடை எந்தக் கைக்கும் பொருந்தும். கொல்லையை வேலையிடம் என்று ஒப்புக்கொண்டால் வேலைப் பங்கீடு என்ற கேள்வி தானே எழும். அலங்காரம் என்று வைத்திருந்தால் அது எழவே எழாது.

பழங்காலத்தைப் பொன்னாக்குகிறாய் என்றும் சொல்லலாம். கொல்லை இருந்த காலத்திலும் நெசவாளர்கள் பட்டினி கிடந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி தேங்கி, தமிழ்நாடெங்கும் நெசவாளர்களுக்குக் கஞ்சித் தொட்டி திறக்க வேண்டிய நிலை வந்தது. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா, 1953-இல் திருச்சியின் தெருக்களில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து விற்றார். அன்று எத்தனை கொல்லைகளில் அவரை காய்த்துத் தொங்கியிருந்தாலும் அந்த நெருக்கடியை அது தீர்த்திருக்காது. கூலிக்கு மாற்று கூலிதான், சந்தைக்கு மாற்று சந்தைதான். நல்ல கூலி கேட்டுப் போராடுகிறவரிடம் ‘கொல்லையில் கத்தரி போடு’ என்று சொல்வது அவமதிப்பு. நான் சொல்வது அதுவல்ல. பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குகிற வருமானத்தில் ஆண்டுதோறும் தவறாமல் வருகிற ஒரு பள்ளத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். அந்தப் பள்ளத்தின் ஆழத்தைக் கொல்லை குறைத்தது. கொல்லை போனபின் அதை வட்டிக்கடை நிரப்பியது.

கொல்லை எப்படிப் போயிற்று என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. நீளமான மனை அண்ணன் தம்பிகளுக்குப் பிரிந்தது. முன்பாதி ஒருவருக்கு, பின்பாதி இன்னொருவருக்கு என்று ஆனபோது பந்தல் இருந்த இடத்தில் கட்டடம் எழுந்தது. பாலாற்று மணலை அள்ளிய பிறகு கிணற்று நீர்மட்டம் இறங்கி, ஆழ்துளைக் குழாய் போட வசதி இருந்த வீட்டில்தான் செடி நின்றது. பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். தறியே குறைந்துவரும்போது தோட்டத்துக்கு எங்கே ஆள்? இவையெல்லாம் உண்மை என்பதால்தான் பொது ஏற்பாடு வேண்டும் என்கிறேன். இதில் உலகத்தில் முன்மாதிரி இருக்கிறது, வியப்பாக அதிலும் நெசவாளர்களே முன்னால் நிற்கிறார்கள். லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்கள் தங்கள் சிறு தோட்டங்களுக்கும் மலர்களுக்கும் பெயர்பெற்றவர்கள். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நெசவாளர்கள் சரிகைக் கரை போட்டாற்போன்ற இதழ் கொண்ட பூ வகைகளையே உருவாக்கினார்கள். வீட்டிலேயே தறி இருந்ததால் நடுநடுவே எழுந்து செடியைப் பார்க்க முடிந்தது என்பதுதான் அதற்கு எளிய காரணம். ஆலைகள் வந்து அந்த வாழ்க்கை கலைந்த பின், இங்கிலாந்தின் 1908-ஆம் ஆண்டுச் சட்டம் உழைக்கும் மக்களுக்குத் தேவை இருக்குமிடத்தில் காய்கறித் துண்டு நிலம் ஏற்பாடு செய்வதை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அப்படிப்பட்ட துண்டு நிலங்கள் அங்கே 14 இலட்சத்தை எட்டின. ஜெர்மனியில் 1919-இல் இதற்கெனச் சட்டம் வந்தது, இன்றும் அங்கே ஏறத்தாழ ஒன்பது இலட்சம் சிறு தோட்டங்கள் இருக்கின்றன.

நம்மிடம் இதற்கான எண்ணம் இல்லாமலில்லை, பாதிவழியில் நிற்கிறது. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் கட்டணமின்றித் தருகிறது தமிழ்நாடு அரசு. வீடும் வேலையிடமும் ஒன்றே என்பதை ஒப்புக்கொண்ட நல்ல முடிவு அது. வீடு என்று வரும்போது இந்தத் தெளிவு மங்கிவிடுகிறது. 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் வீட்டின் அளவு 300 சதுர அடியாக இருந்தது. கூரையில் சூரிய மின்விளக்குக்கு இடம் ஒதுக்கி யோசித்த திட்டத்தில், பின்பக்கம் பந்தலுக்கு ஓர் ஒதுக்கீடு எழுதப்படவில்லை. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, இந்தப் பட்டு இந்த மண்ணுக்கு உரியது என்று சட்டமே சொன்னது. அந்த மண்ணில் நெய்கிறவருக்கு ஒரு சென்ட் இடம் விடுவது அந்தச் சொல்லின் இயல்பான தொடர்ச்சி. நெசவாளர் குடியிருப்பு அமைக்கும்போது வீட்டுக்கு ஒரு சென்ட் ஒதுக்க இடமில்லையென்றால், குடியிருப்பின் ஓரத்தில் பொதுக் கிணற்றோடு அரை ஏக்கரைச் சேர்த்து விடலாம். அரை ஏக்கரில் வழிப்பாதை போக நாற்பது குடும்பங்களுக்குச் சென்ட் வீதம் கிடைக்கும்.

மாடி இருக்கிறதே, பையில் வளர்க்கலாமே என்பார்கள். அரசு 2013-14 முதல் மாடித்தோட்டத் தொகுப்புகளை மானியத்தில் கொடுத்து வருவதும் நல்ல காரியமே. கீரையும் கத்தரியும் பையில் நன்றாக வரும். பந்தல் அவரையின் நிழல் தளத்தின்மேல் விழுந்தால் கீழே தறிக்கூடத்தின் வெக்கையும் தணியும், காஞ்சிபுரத்து வெயிலில் அது சிறிய நன்மையல்ல. ஆனால் கழுநீரும் குளியல் நீரும் தானாக மாடிக்கு ஏறாது. சேனையும் மஞ்சளும் எட்டு மாதம் பூமிக்குள் கிடக்க ஆழமான மண் கேட்கும். மாடி ஒரு துணை, தரைக்கு ஈடு அல்ல. தரை இல்லாத வீட்டுக்கு அதையும் வேண்டாமென்று சொல்ல மாட்டேன்.

இவற்றிலெல்லாம் மிக அவசரமானது விதை என்று நினைக்கிறேன். வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்ட குத்து அவரை வகைகள் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் எந்தப் பருவத்திலும் காய்ப்பவை. ஆண்டு முழுக்கச் சந்தைக்கு அனுப்ப வேண்டிய உழவருக்கு அவை பெரும் உதவி, அவற்றைக் குறைசொல்ல முகாந்திரமில்லை. கடையில் கிடைக்கும் விதைப் பொட்டலங்களிலும் பெரும்பாலும் அவையே இருக்கின்றன. குறும்பகலுக்குக் காத்திருந்து மூன்று மாதம் விடாமல் காய்க்கும் பட்டை அவரை, சிவப்பு அவரை, வேலியில் ஏறும் தம்பட்டை, சிறகவரை போன்றவை கொல்லையிலிருந்து கொல்லைக்குக் கைமாறித்தான் இதுவரை வந்திருக்கின்றன. மாசியில் பந்தலின் நடுப்பகுதியில் நன்கு முற்றிய நெற்றுகளைப் பறிக்காமல் விட்டு, காய்ந்தபின் உரித்து, சாம்பலில் புரட்டி, மண்கலயத்தில் கட்டிவைத்து அடுத்த ஆடிக்கு எடுப்பார்கள். பந்தல் இல்லாத வீட்டில் இந்த வேலை நடக்காது. நாலைந்து ஆண்டு நடக்காவிட்டால் விதை முளைப்புத் திறன் இழந்துவிடும். ஆகவே நிலத்துக்கும் வீட்டுத் திட்டத்துக்கும் காத்திராமல் இப்போதே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. காஞ்சிபுரம் வட்டாரத்தில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் நெடுங்காலமாக உறுப்பினர்களுக்குப் பாவும் ஊடையும் ஜரிகையும் எடைபோட்டுக் கொடுத்து வருகின்றன. ஐயம்பேட்டையிலும் சுற்றூர்களிலும் இன்னும் பந்தல் வைத்திருக்கும் வீடுகளிலிருந்து மாசியில் விதை வாங்கி வைத்து, ஆனிக் கடைசியில் பாவு வாங்க வருகிறவர்களிடம் வீட்டுக்குப் பத்து விதை வீதம் கொடுக்க அந்தச் சங்கங்களின் அலமாரியில் ஒரு தட்டு போதும்.